சாப்ஸ்டிக்கில் சாப்பிட்டால் எடை குறையுமா?

மூக்கனேரிக் கரையில் காலையில் நடக்கும் எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர். நடை முடிந்ததும் கண்ணங்குறிச்சியில் ஒரு டீக்கடையில் நிற்போம். நடந்து கரைத்ததை அங்கேயே உளுந்து வடையாக ஈடுகட்டிவிடுவது எங்கள் வழக்கம். போன மாதம் அங்கே ஒருவர் கைப்பேசியை நீட்டி, "ஜப்பான்காரன் ஏன் குண்டாகறதில்லை தெரியுமா சார்? குச்சியில சாப்பிடறான், அதான்" என்றார். அடுத்தவர், "குச்சி பிடிக்கறப்போ விரல் நரம்பு தூண்டப்பட்டுக் கொழுப்பு கரையுதாம்" என்று சேர்த்துக்கொண்டார். மூன்றாமவர் வடையை முடித்துவிட்டு, "எதுல எடுத்துத் தின்னா என்ன, சோறு சோறுதான்" என்று முடித்துவிட்டார்.

முதலாமவர் சொன்னதில் கால்வாசி உண்மை. இரண்டாமவர் சொன்னது முழுக்கத் தவறு. விரலை அசைத்துக் கொழுப்பைக் கரைக்க முடியும் என்றால் தறி நெய்பவர்களும் பூக்கட்டுபவர்களும் துரும்பாக இருப்பார்கள். மூன்றாமவர் சொன்னது பாதி சரி. முப்பது வருடம் பள்ளியில் உயிரியல் நடத்திய பழக்கம் விடவில்லை. அன்று டீ ஆறும்வரை பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

தொட்டி நிறைந்தது மோட்டாருக்குத் தெரியாது

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. மோட்டார் கீழே, படிக்கட்டுக்கு அடியில். தொட்டி நிறைந்தால் தானாக நிற்கும் வசதியெல்லாம் இல்லை. வழியும் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் அடிக்கும் சத்தம் கேட்டு, செருப்பை மாட்டி, இறங்கிப் போய் ஸ்விட்சை அணைப்பதற்குள் மூன்று நிமிடம் ஆகிவிடும். பழைய அரை எச்.பி. மோட்டார் இருந்தபோது அந்த மூன்று நிமிடத்தில் இரண்டு குடம் வீணாகும். ஒரு எச்.பி. மாற்றிய பிறகு நான்கு குடம். என் நடையின் வேகம் மாறவில்லை. மோட்டாரின் வேகம்தான் மாறியது.

சாப்பாட்டிலும் இதே கதைதான். கை மோட்டார், வயிறு தொட்டி, மூளை ஸ்விட்சை அணைக்க வரும் ஆள். வயிற்றுக்குப் போதுமான அளவு உள்ளே போய்ச் சேர்ந்ததற்கும், "போதும்" என்று மூளை கையை நிறுத்துவதற்கும் இடையே ஒரு தாமதம் இருக்கிறது. "போதும்" என்ற அந்த உணர்வை இனிமேல் நிறைவு என்றே சொல்கிறேன். தேவைக்கு மேல் எவ்வளவு உள்ளே போகும் என்பது வேகத்தையும் தாமதத்தையும் பெருக்கினால் வரும் தொகை. தாமதம் உடம்பின் அமைப்பு, அதை நாம் குறைக்க முடியாது. நம் பிடியில் இருப்பது வேகம் மட்டும்.

மூளைக்குச் செய்தி போகும் வழி

தாமதம் எங்கிருந்து வருகிறது? நிறைவுச் செய்தி ஒரே கம்பியில் போவதில்லை என்பதால் வருகிறது.

முதல் செய்தி வயிற்றின் விரிவு. உணவு விழ விழ வயிற்றுச் சுவர் நீள்கிறது. அந்த இழுப்பை வேகஸ் நரம்பு உடனுக்குடன் மூளைக்குச் சொல்கிறது. வயிறு, குடல், இதயம் எல்லாவற்றையும் மூளையோடு இணைக்கும் நீண்ட நரம்பு அது. இந்தச் செய்தி வேகமானது; ஆனால் நம்பி உட்கார முடியாது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாலும் வயிறு விரியும், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இறங்கிவிடும், பசி திரும்ப வந்து நிற்கும்.

இரண்டாவது செய்தி ரசாயனச் செய்தி. உணவு வயிற்றைத் தாண்டிச் சிறுகுடலைத் தொட்டதும் அங்கிருக்கும் செல்கள் சில ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகின்றன. ஹார்மோன் என்றால் உடம்பின் ஓர் இடத்தில் சுரந்து, ரத்தத்தின் வழியே போய், இன்னோர் இடத்தில் வேலை பார்க்கும் பொருள். தபால் மாதிரி. கொழுப்பும் புரதமும் வந்ததைச் சொல்வது சி.சி.கே. குடலில் இன்னும் கீழே இருந்து வருபவை பி.ஒய்.ஒய், ஜி.எல்.பி-1 என்ற இரண்டு. எடை குறைக்க இப்போது போடும் ஊசிகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அவை இந்த ஜி.எல்.பி-1 செய்யும் வேலையைச் செய்யும் மருந்துகள். ஆனால் உடம்பில் இயல்பாகச் சுரப்பது சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும், ஊசி மருந்து நாள்கணக்கில் நிற்கும். மெதுவாகச் சாப்பிட்டால் ஊசி போட்டதற்குச் சமம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மூன்றாவது, பசியைக் கிளப்பும் கிரெலின். வயிற்றில் சுரப்பது, 1999இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தது. சாப்பாட்டு வேளை நெருங்க நெருங்க ஏறும், சாப்பிட்ட பிறகு படிப்படியாக இறங்கும்.

விரிவுச் செய்தி நொடிகளில் போகிறது, தபால்கள் பத்து நிமிடம், அரை மணி, அதற்கு மேலும் எடுத்துக்கொள்கின்றன. எல்லோரும் சொல்லும் "இருபது நிமிடம்" இந்தக் கலவைக்கு நாம் வைத்துக்கொண்ட செல்லப் பெயர். இருபதாவது நிமிடத்தில் மணி எதுவும் அடிக்காது.

இதைச் சோதித்துப் பார்த்த ஒரு கிரேக்க ஆய்வு எனக்குப் பிடித்தமானது. 2010இல் வெளியானது. ஆரோக்கியமான 17 ஆண்களுக்கு 300 மில்லி ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். ஒரு நாள் ஐந்து நிமிடத்தில் சாப்பிட வேண்டும், இன்னொரு நாள் முப்பது நிமிடத்தில். (சேலத்து ஏப்ரலில் முப்பது நிமிடம் வைத்திருந்தால் அது பாயசம்.) இரண்டு நாளும் அளவு ஒன்றே. மெதுவாகச் சாப்பிட்ட நாளில் பி.ஒய்.ஒய், ஜி.எல்.பி-1 இரண்டும் ரத்தத்தில் கூடுதலாக இருந்தன. கிரெலினில் வித்தியாசம் தெரியவில்லை.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: நிறைவுச் செய்தியில் ஒரு பகுதி தாமதமாக வருகிறது. அது வருவதற்குள் எவ்வளவு விழுங்கிவிடுகிறோம் என்பது வேகத்தைப் பொறுத்தது. குச்சி இன்னும் கதைக்குள் வரவில்லை.

குச்சி செய்யும் வேலை

சீனாவில் மூவாயிரம் வருடங்களுக்கு மேலாகக் குச்சி புழக்கத்தில் இருக்கிறது. முதலில் அது தட்டுக்கு வரவில்லை. கொதிக்கும் பாத்திரத்துக்குள் இருப்பதைப் புரட்டவும் எடுக்கவும்தான் பயன்பட்டது. நம் வீட்டு முறுக்குக் கம்பிக்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம். சாப்பிடும் கருவியானது பிற்பாடு.

குச்சி பழகாத கையில் இரண்டு காரியம் நடக்கிறது. ஒரு தடவைக்கு எடுக்க முடிகிற அளவு சிறுத்துவிடுகிறது. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடைவெளி நீண்டுவிடுகிறது. இரண்டும் சேர்ந்து மோட்டாரை ஒரு எச்.பி.யிலிருந்து அரை எச்.பி. ஆக்குகின்றன. மந்திரம் அவ்வளவுதான்.

மகன் ஐந்து ரோட்டிலிருந்து வாங்கி வந்த நூடுல்ஸ் பார்சலோடு வந்த மூங்கில் குச்சி ஒரு ஜோடி வீட்டில் கிடந்தது. எடுத்து உட்கார்ந்தேன். இட்லிக்குச் சரியாக வந்தது. பிய்த்து, சட்னியில் தொட்டு, வாய்க்குக் கொண்டுபோக முடிந்தது. மதியம் பொன்னிச் சோறு. கையால் ஏழு நிமிடத்தில் முடிக்கும் தட்டு, குச்சியில் பத்தொன்பது நிமிடம் இழுத்தது. அதிலும் கடைசி நான்கு நிமிடம் சாப்பிட்டதாகச் சொல்ல முடியாது, தட்டில் ஒட்டிய பருக்கைகளோடு சண்டை. ரசம் ஊற்றியதும் தோற்றுவிட்டேன். "ஏங்க, கொசு அடிக்கிற மாதிரி இருக்கு, கையைக் கழுவிட்டு ஒழுங்கா சாப்பிடுங்க" என்று சமையலறையிலிருந்து தீர்ப்பு வந்தது.

என் கை மட்டும் காரணமில்லை. அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ் என்று ஒரு வகை உண்டு. அது குறைவாக இருக்கும் ஜப்பானியக் குட்டை அரிசி வெந்ததும் ஒன்றோடொன்று ஒட்டும். குச்சியில் சின்னக் கட்டியாக எழும்பும். நம் பொன்னி உதிரி உதிரியாக வேகும். அதைப் பிசைந்து உருட்டத்தான் கை. குழம்பு, ரசம், மோர் என்று ஈரமாகச் சாப்பிடும் ஊருக்குக் குச்சி பொருந்தாது. கை நமக்கு அமைந்தது பழக்கத்தால் மட்டும் அல்ல, அரிசியாலும்தான்.

விடாப்பிடியாக ஒரு மாலை தட்டுவடை செட்டிலும் முயன்றேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி, துருவிய கேரட், பீட்ரூட். குச்சியால் இறுக்கியதும் மேல் தட்டுவடை சரியாக நடுவில் விரிந்தது, பீட்ரூட் துருவல் முழுவதும் வெள்ளைச் சட்டையில். வண்டிக்காரர் துணி எடுத்துக் கொடுத்துவிட்டு, "சார், இது அப்படியே ஒரே வாயில போடற ஐட்டம். குச்சிய வெச்சுத் தடவிட்டு இருந்தா நமத்துப் போயிடும்" என்றார். சில உணவுகள் வேகத்துக்காகவே பிறந்தவை.

குச்சி, கை, கரண்டி மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு சிங்கப்பூரில் நடந்தது, 2015இல் வெளிவந்தது. ஆரோக்கியமான 11 பேர், மூன்று முறைகளில், ஒரே அளவு வெள்ளைச் சோறு. பார்த்தது ரத்தச் சர்க்கரை எப்படி ஏறுகிறது என்பதை. அதை அளக்க கிளைசெமிக் இன்டெக்ஸ் என்ற எண்ணைப் பயன்படுத்துவார்கள்: குளுக்கோஸ் சாப்பிட்டால் ஏறும் சர்க்கரையை 100 என்று வைத்து, வேறொரு உணவு எவ்வளவு ஏற்றுகிறது என்ற ஒப்பீடு. கரண்டியில் சாப்பிட்டபோது 81, குச்சியில் 68. கை இரண்டுக்கும் நடுவில் நின்றது; இரண்டிலிருந்தும் திட்டமாக வேறுபட்டது என்று சொல்ல முடியவில்லை.

குச்சி ரசிகர்கள் இந்த எண்ணைக் கொண்டாடுவார்கள். இரண்டு விஷயத்தை மறந்துவிடுவார்கள். பதினொரு பேர் என்பது ஒரு ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்காரும் கூட்டம். அப்புறம், அங்கே அளந்தது சர்க்கரையை, எடையை அல்ல.

குச்சி நாட்டிலும் அவசரக்காரர்கள் உண்டு

எல்லோரும் குச்சியில் சாப்பிடும் ஜப்பானிலேயே, ஒசாகா, அகிதா பகுதிகளைச் சேர்ந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த ஆய்வு 2008இல் வெளியானது. வேகமாகவும், வயிறு முட்டவும் சாப்பிடுகிறோம் என்று சொன்னவர்களிடையே அதிக எடை இருப்பதற்கான வாய்ப்பு, இரண்டும் இல்லாதவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. எடையும் வேகமும் சேர்ந்து காணப்பட்டன என்றுதான் இதற்குப் பொருள். ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது என்று இந்த வகை ஆய்வு நிரூபிக்காது. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இந்த "வேகமாகச் சாப்பிடுபவர்கள்" கையில் இருந்ததும் குச்சிதான்! குச்சி வேகத்தைக் கட்டிப்போடும் என்றால் ஜப்பானில் வேகமாகச் சாப்பிடும் ஆளே இருக்கக் கூடாது.

ஏற்காட்டு மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. வெளியூர்க் காரில் முதல்முறை ஏறுபவர் ஒவ்வொரு வளைவிலும் முதல் கியருக்கு வந்து, ஹாரன் அடித்து, தயங்கித் தயங்கித் திரும்புவார். தினம் இரண்டு நடை அடிக்கும் பஸ் டிரைவர் அதே வளைவில் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே ஒடித்துத் திருப்பிவிடுவார். பழகாத கைக்குத்தான் குச்சி வேகத்தடை. பழகியவர்கள் கிண்ணத்தை வாயருகே தூக்கி, சோற்றைக் குச்சியால் உள்ளே தள்ளி, நம் கையைவிட வேகமாக முடித்துவிடுகிறார்கள். சீனாவில் கடந்த சில பத்தாண்டுகளில் உடல் பருமன் வெகுவாகக் கூடியிருக்கிறது. அவர்கள் யாரும் குச்சியைக் கீழே வைத்துவிடவில்லை.

ஆக, வேகம் குறைந்தால் பயன் உண்டு. வேகத்தைக் குறைக்கும் பல வழிகளில் குச்சி ஒன்று. கை பழகப் பழக அந்த வழி தேய்ந்துகொண்டே போகும்.

எடைக் கணக்கு

டீக்கடையில் மூன்றாமவர் "சோறு சோறுதான்" என்றாரே, அவர் பாதி சரியாவது இங்கேதான்.

உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலை அளக்கும் அலகு கலோரி. உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ என்பது சுமார் 7,700 கலோரிச் சேமிப்பு. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி. மெதுவாகச் சாப்பிட்டதால் தினமும் 100 கிராம் சோறு குறைந்தது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ இறங்க ஏறக்குறைய 59 நாள். காகிதத்தில்தான். நிஜத்தில் உடம்பு இளைக்க இளைக்கச் செலவையும் சுருக்கிக்கொள்ளும். மதியம் விட்டதை மாலையில் வேறு உருவத்தில் கேட்கும்.

மாலையில் கேட்பது எது? ஒரு நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு ஸ்பூன். அதுவே கிட்டத்தட்ட 130 கலோரி வந்துவிடும். குச்சியோடு மல்லுக்கட்டி மிச்சம் பிடித்த சோறு, டீ கிளாஸில் கரைந்து போயிற்று. டீயைக் குச்சியில் குடிக்க முடியாது பாருங்கள்.

எதைச் சாப்பிடுகிறோம் என்பதும் வேகத்தை மாற்றும். அமெரிக்காவில் 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 20 பேரை ஒரே இடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் வழக்கமான சமையலும் கொடுத்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு வாரங்களில் ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார். அந்த உணவைச் சாப்பிட்ட வேகமும் அதிகம். மெல்ல வேண்டாதது வழுக்கிக்கொண்டு போய்விடும். இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போகவே வேண்டாம். நம் ஊர் ஜவ்வரிசிப் பாயசம் ஒரு டம்ளர் எவ்வளவு நேரத்தில் காலியாகிறது, அதே கலோரிக்கு வேர்க்கடலையைத் தோல் உரித்துத் தின்ன எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் போதும்.

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று சொன்ன அதே ஊர்க்காரர்கள்தான் ராகிக் களியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்றும் சொன்னார்கள். காட்டில் பகல் முழுக்க மண்வெட்டி பிடித்தவர்களுக்கு அது சரியாகத்தான் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு முதல் பழமொழிதான் உதவும்.

கைக்கும் பிரேக் உண்டு

அவசரமாகச் சாப்பிடும் பயிற்சியை நமக்குத் தருவது கல்யாணப் பந்தி என்பது என் கட்சி. ரசத்துக்கு வருவதற்குள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் வந்து நிற்பார். சிலர் நாற்காலி முதுகில் கைவைத்தே நிற்பார்கள். அந்த மூச்சுக்காற்று பிடரியில் படும்போது யார் மென்று சாப்பிடுவது?

வீட்டில் அந்த நெருக்கடி இல்லை. இருந்தும் நாம் செய்வதைக் கவனித்துப் பாருங்கள். ஒரு கவளம் வாயில் இருக்கும்போதே விரல்கள் அடுத்ததைப் பிசைந்து உருட்டித் தயாராக வைத்துவிடுகின்றன. உருட்டியது காத்திருக்கிறது என்பதற்காக வாயில் இருப்பதை அரைகுறையாக விழுங்குகிறோம். நான் குச்சியிடம் கற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான்: குச்சியில் அடுத்த வாயை முன்கூட்டி உருட்டிவைக்க முடியாது. கையிலும் அப்படிச் செய்யலாம். வாய் காலியாகும்வரை விரல்கள் தட்டில் சும்மா இருக்கட்டும். கவளம் எலுமிச்சை அளவிலிருந்து நெல்லிக்காய் அளவுக்கு இறங்கட்டும். முன்பெல்லாம் குழம்புச் சோறு முடிந்த பிறகுதான் ரசம் வரும், ரசம் முடிந்த பிறகுதான் மோர். பரிமாறுபவர் திரும்பி வரும்வரை இலையின் முன் காத்திருந்தோம். இப்போது எல்லாக் கிண்ணமும் ஒரே தட்டில் சுற்றி நிற்கின்றன. அந்த இடைவெளியை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

குச்சி பிடித்திருந்தால் அதிலேயே சாப்பிடுங்கள், தப்பில்லை. நூடுல்ஸுக்கும் காய்த்துண்டுகளுக்கும் நன்றாகவே இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மட்டும், சாப்பிடும் நேரத்தைப் பெரிதாக மாற்றுமுன் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே மெலிந்திருக்கும் வயதானவர்களுக்கு இந்த வேலையே வேண்டாம்.

நேற்று மூக்கனேரியில் கேட்டார்கள், "குச்சி எத்தனை கிலோ குறைச்சது சார்?" ஒரு மாதத்தில் எண்ணூறு கிராம் இறங்கியிருக்கிறது. அதில் மெதுவாகச் சாப்பிட்டதன் பங்கு எவ்வளவு, டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் குறைத்ததன் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஒரு ஆளை வைத்து அதைப் பிரிக்கவும் முடியாது. குச்சி இப்போது என்னிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன், சமையலறையில் வாணலிக்கு மேலே இருந்தது. நீளமாக இருப்பதால் கை சுடாதாம், போண்டாவைத் திருப்பிப் போட அவ்வளவு தோதாக இருக்கிறதாம்.